உதகை வீட்டில் தரையடி வெந்நீர்க் குழாய்: குழாய்க்கு முன் கூரையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் பொங்கோலில் வாங்கிய மறுவிற்பனை வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள். அதே வேளையில் உதகையில் பெற்றோருக்காகத் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு ஒன்றையும் கட்டுகிறீர்கள். அங்குள்ள ஒப்பந்தக்காரர், வெந்நீர் ஓட்டித் தரையைச் சூடாக்க, வீடு முழுவதும் தரைக்கடியில் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயைப் பதித்து மொட்டைமாடியிலுள்ள சூரிய வெந்நீர்த் தொட்டியோடு இணைத்துவிடலாம் என்கிறார். எந்தக் குழாய், எந்த எந்திரம் வாங்குவது என்றும், அதே குழாயில் குளிர்ந்த நீரை ஓட்டிச் சிங்கப்பூர் வீட்டின் தரையைக் குளிர்விக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில், "அம்மாவுக்கு நீண்ட நாள் நீரிழிவு, ஜனவரியில் தரையில் கால் வைக்க முடியவில்லை என்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: இந்த ஏற்பாட்டால் பெற்றோருக்கு இதமான அறை கிடைக்குமா, அதை அவர்கள் தொல்லையில்லாமல் நடத்த முடியுமா? கட்டட இயந்திரவியல் பொறியாளராக இங்கே சிங்கப்பூரில் குளிர்நீர்க் குழாய்த் திட்டங்களிலும், அதற்கு முன் இங்கிலாந்தின் வடபகுதியில் வீட்டுச் சூடாக்கப் பணிகளிலும் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டின் வரைபடத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே வரும் அறைக்கணக்கு ஓர் எடுத்துக்காட்டுதான்.

சிங்கப்பூர்ப் பகுதியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்கு விடை தெளிவானது: வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் தரையின் மேற்பூச்சும் அதன் கீழுள்ள சிமெண்டுப் படுகையும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. குழாய் பதித்த தரைக்கு அடியில் வெப்பத்தடுப்புப் பலகையும் வேண்டும், குழாயை மூடப் போதிய கலவையும் வேண்டும் என்பதால் வழக்கமான அமைப்பு அந்த அளவுக்குள் அடங்காது. விதியை ஒதுக்கி வைத்தாலும் ஈரப்பதம் விடாது. இங்கே வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி பரப்புகளில் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலான நாட்களில் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தரையை 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஓடு முழுவதும் வியர்த்து வழுக்கும். காற்றைத் தனியாக உலர்த்தி, அறையை மூடி வைத்தால் இது முடியும். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையம் தரைக்குளிர்ச்சியை உலர்த்திய காற்றோடு சேர்த்துத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அப்படிச் செய்தாலும் 26 டிகிரி அறையில் 20 டிகிரித் தரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 வாட் வெப்பத்தையே உறிஞ்சும். 12 சதுர மீட்டர் படுக்கையறையில் அது 500 வாட்டைத் தாண்டாது; கடையில் கிடைக்கும் 9,000 பிடியு ஏர்கானோ 2,600 வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிறது. காற்றை உலர்த்த எப்படியும் ஏர்கான் வேண்டுமென்றால், தரையைத் தோண்டுவதற்குக் காரணமே இல்லை.

இனி உதகை. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த ஊரில் ஜனவரி இரவுகளில் 5, 6 டிகிரி வழக்கமானது, பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். ஆனால் பகலில் வெயில் அடித்தால் 20 டிகிரி வரை ஏறிவிடும். தரைச்சூடாக்கம் நன்றாக வளர்ந்த கொரியாவிலும் வட ஐரோப்பாவிலும் குளிர் வாரக்கணக்கில் நாள் முழுவதும் நிற்கிறது. உங்கள் ஊரில் அது இரவோடு வந்து காலையோடு போகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மனிதர் நடமாடும் தரையின் மேற்பரப்பு 29 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று இஎன் 1264 என்ற ஐரோப்பியத் தரநிலை வரம்பிடுகிறது. குளியலறைக்கு 33 டிகிரி வரை அனுமதி உண்டு. 20 டிகிரி அறையில் 29 டிகிரித் தரை வெளியிடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 100 வாட் அளவில் நின்றுவிடும். எந்த நிறுவனத்தின் குழாயானாலும், எவ்வளவு விலையுயர்ந்த எந்திரமானாலும் இந்த உச்சவரம்பு மாறாது. ஆகவே அறை இழக்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 100 வாட்டுக்குக் கீழே இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

நான்குக்கு நான்கு மீட்டர் அளவில், மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மூலைப் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். வெளியே 6 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். இரண்டு வெளிச்சுவர்கள், ஒன்பது அங்குலச் செங்கல். அவற்றின் வழியே சுமார் 590 வாட் போகிறது. ஒற்றைக் கண்ணாடி கொண்ட மூன்று சதுர மீட்டர் சன்னலில் 240 வாட். இடுக்குகள் வழியே புகும் காற்றைச் சூடாக்க 200 வாட். வெப்பத்தடுப்பு எதுவும் இல்லாத கான்கிரீட் கூரையில் மட்டும் 670 வாட். மொத்தம் 1,700 வாட், அதாவது சதுர மீட்டருக்கு 106 வாட். தரை முழுவதும் குழாய் பதித்து, அலமாரியோ கட்டிலோ இல்லாமல் வெறுமையாக வைத்திருந்தாலும் இந்த அறை 20 டிகிரியை எட்டாது. இப்போது அதே கூரையின் மேல், தட்டை ஓடு பதிக்கும் முன், 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பத்தடுப்பு நுரைப் பலகை விரித்தால் 670 வாட் 110 ஆகக் குறைகிறது. சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் 240 என்பது 120 ஆகிறது. மொத்தம் 1,020 வாட், சதுர மீட்டருக்கு 64. தரை 26 டிகிரியில் இருந்தாலே போதும். செங்கலின் தரம், கலவை, ஈரம் ஆகியவற்றால் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். கூரைதான் பெரிய ஓட்டை என்பது மட்டும் மாறாது. உங்கள் ஒப்பந்தக்காரர் தந்த மதிப்பீட்டில் கூரைக்கு ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன். கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், குழாயை விட்டுவிட்டுக் கூரைப் பலகைக்குச் செலவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

குழாய்க்கு அடியிலும் இதே கதைதான். தரைத்தளத்தில் மண்ணோடு ஒட்டிய கான்கிரீட்டின் மேல் குழாயை நேரடியாகப் பதித்தால், வெப்பத்தில் கணிசமான பகுதி மலையைச் சூடாக்கப் போய்விடும். அங்கேயும் குறைந்தது 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் அல்லது அடர்த்தி மிகுந்த தெர்மோகோல் வேண்டும். பொருட்களைக் கட்டி வரும் சாதாரணத் தெர்மோகோல் கூடாது; அது பாரத்தில் அமுங்கி, ஓடு விரிசல் விடும். பலகைக்குக் கீழே ஈரத்தடுப்பு விரிப்பும், சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் நுரைப் பட்டையும் அவசியம். சூடேறும் தரை விரியும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் அது சுவரை நெருக்கும் அல்லது நடுவில் எழும்பும்.

குழாயைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்டீர்கள். சிபிவிசி வேண்டாம். அது குளியலறை வெந்நீருக்கு நல்ல குழாய்தான், ஆனால் விறைப்பானது. ஒவ்வொரு திருப்பத்திலும் பசையிட்ட இணைப்பு வரும். கலவைக்குள் புதையும் குழாயில் ஓர் இணைப்புகூட இருக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் விட்டுக்கொடுக்கப்படாத விதி. பெக்ஸ் அல்லது பிஇ-ஆர்டி எனப்படும் வளையும் குழாய், 16 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில், சுருளாக வரும். எல்லா அறைகளுக்கும் நீரைப் பிரித்து அனுப்பும் விநியோகப் பெட்டியிலிருந்து புறப்பட்டு அறையைச் சுற்றி அதே பெட்டிக்கு ஒரே துண்டாகத் திரும்பும். வாங்கும்போது அதில் இவிஓஎச் என்ற ஆக்சிஜன் தடுப்புப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். படலம் இல்லாத குழாயின் சுவர் வழியே ஆக்சிஜன் மெல்ல உள்ளே ஊடுருவும். சில ஆண்டுகளில் பம்பும் மற்ற இரும்புப் பாகங்களும் துருப்பிடித்து, கருஞ்சேறு குழாயை அடைக்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் நிறுவனத்தின் பெயர் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

ஒரு சுற்றின் நீளம் 100 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தாண்டினால் பம்பு திணறும், கடைசிப் பகுதி குளிர்ந்தே கிடக்கும். 150 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர் குழாய் பிடிக்கும். நம் 16 சதுர மீட்டர் அறை முழுவதற்கும் 107 மீட்டர் வருகிறது. சுவரலமாரி நிற்கப்போகும் இரண்டு, இரண்டரைச் சதுர மீட்டரை விட்டுவிட்டால் 90 மீட்டரில் முடிந்து, பெட்டிக்குப் போய்வரும் நீளத்துக்கும் இடம் கிடைக்கும். ஆகவே அலமாரி எங்கே வரும் என்பதைக் குழாய் பதிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த அறைக்கு நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓட்டம் போதும். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் ஐந்து டிகிரி வேறுபாடு இருக்கும். ஓடு அல்லது கிரானைட் பதித்த தரைக்கு 35 முதல் 40 டிகிரி நீரே போதுமானது. மரத்தரை ஆசை இருந்தால் ஒட்டுமரப் பலகையாக இருக்கட்டும், மேற்பரப்பு 27 டிகிரியோடு நிற்கட்டும்; ஆனால் அந்த ஈர ஊரில் நான் கல்லைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சூட்டை எங்கிருந்து எடுப்பது? சூரியத் தொட்டி மட்டும் போதும் என்ற யோசனை சிறிய கணக்கிலேயே உடைந்துவிடுகிறது. 200 லிட்டர் நீர் 30 டிகிரி குளிரும்போது தரும் வெப்பம் 7 யூனிட். மேலே சொன்ன ஓர் அறைக்கு மட்டும் ஒரு குளிர் இரவில் பத்து மணிநேரத்துக்குப் பத்து யூனிட் வரை தேவைப்படலாம். வெயில் இல்லாத மழைக்காலத்தில், ஈரக்குளிர் எலும்பில் இறங்கும் நாட்களில், அந்த ஏழும் கிடைக்காது. சூரியத் தொட்டி குளியலுக்கு இருக்கட்டும். தரைக்குழாயில் ஓடும் நீரும் குளிக்கும் நீரும் ஒருபோதும் கலக்கக்கூடாது: இளஞ்சூட்டில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளரும், புதுநீர் வந்துகொண்டே இருந்தால் இரும்புப் பாகங்கள் அரிக்கும். தரைச்சுற்று மூடிய சுற்றாகவே இருக்க வேண்டும்.

மின்சாரக் கீசரைக் கொண்டு சூடாக்கலாம்; எளிது, மலிவு, ஆனால் பத்து யூனிட் வெப்பத்துக்குப் பத்து யூனிட் மின்சாரம் தந்தாக வேண்டும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப் அதே வெப்பத்தை ஏறக்குறைய மூன்று யூனிட்டில் தரும், நீரை 35 டிகிரி அளவில் வைத்திருந்தால். 55 டிகிரி கேட்டால் அந்த ஆதாயம் வேகமாகக் கரையும். குறைந்த சூட்டில் நிறைவாக ஓடும் தரைக்கு ஹீட் பம்ப் பொருந்துவது இதனால்தான். உதகைக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்களவு குறைவு. எந்திரத்தின் விசிறி குறைந்த காற்றையே தள்ளும் என்பதால், உற்பத்தியாளர் தரும் உயரத் திருத்தத்தைக் கேட்டு வாங்கிய பிறகே அளவைத் தீர்மானியுங்கள். இரண்டாவது, 5 டிகிரியை ஒட்டிய ஈரக்காற்றில் வெளிச்சுருளில் பனி படியும், எந்திரம் அவ்வப்போது அந்தப் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும். அந்த நிமிடங்களில் சூடு வராது. சூடான நீரைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறிய இடைத்தொட்டி அதைச் சமாளிக்கும், எந்திரம் அடிக்கடி நின்று ஓடுவதையும் குறைக்கும். எரிவாயுக் கொதிகலனும் உயரத்தில் திறன் இழக்கும். குளியலறைச் சுவரில் மாட்டும் எரிவாயுக் கீசரை இதற்குப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கணக்குக்குள் வருபவை. இனி வருவது என் மதிப்பீடு; வேறு பொறியாளர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். கலவைத் தரை சூடேறவும் ஆறவும் பல மணிநேரம் எடுக்கும். மாலை ஏழு மணிக்குக் குளிர்கிறதே என்று பொத்தானை அழுத்தினால் படுக்கப்போகும் நேரத்தில்தான் தரை சூடேறும். மறுநாள் வெயில் சன்னலில் விழும்போது தரை இன்னும் சூடாக இருந்து அறை புழுங்கும். நான் முதலில் குறிப்பிட்ட உதகையின் பகல்-இரவு வேறுபாடு இங்கேதான் குறுக்கே வருகிறது. பிற்பகலில் தொடங்கி விடியற்காலையில் நிற்கும்படி நேரம் வைத்து, வெளி வெப்பநிலைக்கேற்ப நீரின் சூட்டைத் தானே மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவி போட்டால் பெற்றோர் எதையும் தொட வேண்டியதில்லை. அவர்கள் ஆண்டு முழுவதும் அங்கே வசிப்பவர்களாக இருந்தால், அவர்களது படுக்கையறை, அதை ஒட்டிய குளியலறை, கூடம் ஆகிய மூன்றுக்கு மட்டும் தரைக்குழாய் பதிப்பதை ஆதரிக்கிறேன். நீங்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் அறைகளுக்கு அது வீண். சூடும் குளிரும் தரும் சுவர் ஏர்கான் கால்மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். பெற்றோரும் பாதி ஆண்டு பொங்கோலில்தான் இருப்பார்கள் என்றால் முழுத் திட்டத்தையும் கைவிட்டு, குளியலறைத் தரையில் மட்டும் சூடேற்றும் மின்கம்பி விரிப்பு ஒன்றை, 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்புடன், பதித்துக்கொள்வதே என் தேர்வாக இருக்கும்.

உங்கள் அம்மாவைப் பற்றி. நான் மருத்துவன் அல்லன்; ஆனால் நீண்டநாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மழுங்குவது உண்டு என்பதையும், 40 டிகிரியைச் சற்றே தாண்டிய சூடுகூட மணிக்கணக்கில் தோலை ஒட்டியிருந்தால் புண்ணாக்கும் என்பதையும் இந்தத் துறையில் உள்ளவர்கள் கவனிக்கத் தவறக்கூடாது. நடமாடும் கால்களுக்கு 26 டிகிரித் தரையால் ஆபத்து இல்லை. நம் வீடுகளில் தரையில் மெத்தை விரித்துப் படுக்கும் வழக்கம்தான் சிக்கல்: பஞ்சு மெத்தை வெப்பத்தை மேலே விடாமல் பிடித்துவைக்க, அதன் அடியில் தரையின் சூடு நீரின் சூட்டை நோக்கி ஏறிக்கொண்டே போகும். அவர் கட்டிலில் படுக்கட்டும். சூடான நீரோடு திரும்பும் நீரைக் கலந்து தரைக்கு அனுப்பும் கலப்பு வால்வு 38 டிகிரிக்கு மேல் விடாதபடி பூட்டப்பட்டிருக்கட்டும். அது பழுதானாலும் பம்பை நிறுத்தும் தனி வெப்பத்தடை ஒன்று 45 டிகிரியில் இருக்கட்டும். முன்னது இதத்துக்கு, பின்னது பாதுகாப்புக்கு. ஒன்று இருப்பதால் மற்றதை விடக்கூடாது. அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்வெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சூடேறிய கலவை சில மணிநேரம் தாங்கும், சுற்றோட்டப் பம்பு மட்டும் இன்வெர்ட்டரில் ஓடக்கூடிய அளவுக்குச் சிறியதுதான்.

வேலை நடக்கும்போது நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் இருக்க வேண்டியது இரண்டு கட்டங்களில். முதலாவது, கலவை போடும் நாள். அதற்கு முன் எல்லாச் சுற்றுகளையும் நீரால் நிரப்பி, காற்றை வெளியேற்றி, 6 பார் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். கலவை ஊற்றும்போதும் குழாய் அழுத்தத்தில்தான் இருக்க வேண்டும், கொத்தனாரின் கரண்டி எங்காவது கீறினால் அழுத்தமானி உடனே காட்டிக்கொடுக்கும். குழாயின் மேல் 45 மில்லிமீட்டர் கலவை நிற்க வேண்டும், ஆக மொத்தம் சுமார் 65. அறைவாசலில் விரிவு இடைவெளி விட்டு, அதைக் கடக்கும் குழாய்க்கு உறை போட வேண்டும். கலவை மூடும் முன் அளவுநாடாவை வைத்து ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னொரு நாள் கதவுத் தடுப்பான் பொருத்தத் துளையிட வருபவருக்கு அதுதான் வழிகாட்டி.

இரண்டாவது, முதல் சூடேற்றம். சிமெண்டுக் கலவை போட்டு 21 நாட்களாவது கழிந்த பிறகே தொடங்க வேண்டும். 25 டிகிரி நீரை மூன்று நாட்கள் ஓட்டி, பிறகு வடிவமைப்புச் சூட்டுக்கு ஏற்றி நான்கு நாட்கள் அதே சூட்டில் வைத்திருக்க வேண்டும். கிரகப்பிரவேசத் தேதி நெருங்குகிறது என்று கலவையை உலர்த்தவே சூட்டைத் திறந்துவிடும் பழக்கம் எங்கும் உண்டு, விரிசலும் அங்கேதான் தொடங்குகிறது. தரை ஓடுகளை வழக்கமான சிமெண்டுப் பாலில் ஒட்டாமல் வளைந்துகொடுக்கும் பசையில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டியவை: அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கு, ஒவ்வொரு சுற்றின் நீளமும் ஓட்டமும் குறித்த வரைபடம், கையெழுத்திட்ட அழுத்தச் சோதனைத் தாள். மூன்றாவது தாள் கைக்கு வரும்வரை குழாய்க்கான கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். முதல் கணக்கைத் தர ஒப்பந்தக்காரர் மறுத்தால் வேறொருவரைத் தேடுங்கள். வரைபடத்தை இங்கே பதிவேற்றினால், அறைகளின் அளவையும் சன்னல்களின் திசையையும் பார்த்து அந்தக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.